கவ்வாத்துக் கத்தி அடையாளபூர்வமாகத் திருப்பித் தரப்பட்ட வரலாறு

நாகரிகங்கள் நதிக்கரைகளில் தோன்றின என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது பழைய செய்தி. இப்போது நாகரிகம் அந்தமானில், அபர்டீன் பஜாரில், ஒரு செருப்புக்கடைக்கும் கைப்பேசி பழுதுபார்க்கும் கடைக்கும் மேலே, இரண்டாம் மாடியில் தோன்றிக்கொண்டிருக்கிறது. வேலை நாட்களில் காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு வரை. மதியம் ஒன்று முதல் இரண்டு வரை சாப்பாட்டு இடைவேளை என்பதால் அந்த நேரத்தில் தோன்றாது.

அந்த இரண்டாம் மாடிக்குத் தீவுப் பண்பாட்டுப் பொருள் மீட்பு இயக்குநரகம் என்று பெயர். நான் அங்கே தலைமை எழுத்தர். பெயர் சந்திரசேகர். அப்பா தூத்துக்குடியிலிருந்து பொதுப்பணித் துறை வேலைக்காகக் கப்பலேறி வந்தவர். நான் இங்கேயே பிறந்து, தமிழில் சாப்பிட்டு, இந்தியில் சண்டை போட்டு, ஆங்கிலத்தில் குறிப்பெழுதி வளர்ந்தவன். ஊரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றி நாளாயிற்று. ஆனாலும் அச்சடித்த கடிதத்தாள் தீரும்வரை எங்கள் இயக்குநரகம் போர்ட் பிளேரிலேயே இருக்கிறது.

எங்கள் பணி மகத்தானது. தீவுகளிலிருந்து அந்தக் காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டு போன பொருட்களைத் திருப்பிக் கேட்பது. பதினோரு ஆண்டுகளாகக் கேட்கிறோம். இதுவரை ஒன்றும் வரவில்லை என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. வாங்குவது யாராலும் முடியும். தளராமல் கேட்பதுதான் பண்பாடு.

போன ஆண்டு ஓர் அதிசயம் நடந்தது. ஒரு வெளிநாட்டு அருங்காட்சியகம் பதில் எழுதிவிட்டது. நிக்கோபாரிலிருந்து போன மரச்சிற்பங்களை நாங்கள் கேட்டிருந்தோம். தர இயலாமைக்கு மிகவும் வருந்தி, நான்கு காரணங்கள் சொல்லியிருந்தார்கள். உங்களிடம் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லை. பொருள் இன்னாருடையதுதான் என்பதற்கு ஐயமற்ற ஆவணம் இல்லை. எங்களிடம் இருந்தால் உலகம் பார்க்கும், உங்களிடம் இருந்தால் உங்கள் ஊர் மட்டும்தான் பார்க்கும். கடைசியாக, திருப்பித் தந்தால் நீங்கள் அதை மறுபடி பயன்படுத்தத் தொடங்கிவிடுவீர்கள், பொருள் தேய்ந்துவிடும்.

எங்கள் இயக்குநர் ஜம்புலிங்கம் அவர்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொதித்தார். அவர் கொதிப்பதை நான் அதற்கு முன் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். அது இடமாற்றல் உத்தரவு வந்தபோது.

"அரே, எடுத்துட்டுப் போனவனே வெச்சுக்கறதுக்கு எவ்வளவு வக்கணையா காரணம் சொல்றான் பாத்தீங்களா சேகர்! தேய்ஞ்சிடுமாம்! நம்ம பொருள் தேய்ஞ்சா இவனுக்கு என்ன? அடிமை புத்தி நம்மள விட்டுப் போயிடுச்சு, எஜமான் புத்தி அவன விட்டுப் போகல. லிக்கோ, லிக்கோ! பேப்பர்காரங்களுக்கு அறிக்கை குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். அதை ஒட்டி நடந்த கூட்டத்தில், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் எழுந்து, "அந்தச் சிற்பம் நிக்கோபாரிகளோடதாச்சே சார், அவங்கள ஏதாவது கேட்டோமா?" என்றார். கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் "உறுப்பினர் ஒருவர் இருமினார்" என்று பதிவு செய்தேன்.

அந்தக் கூட்டத்தில்தான் கண்காட்சி என்ற கருத்து பிறந்தது. திருப்பித் தருவது எப்பேர்ப்பட்ட அறம் என்பதை உலகுக்கு உணர்த்த வேண்டும். அதுவும் பழைய மாதிரி கண்ணாடிப் பெட்டியும் தகவல் பலகையும் அல்ல. "இம்மர்சிவ்". அதாவது, பார்வையாளர் உணர்ச்சிக்குள் முழுகி எழ வேண்டும். சென்னையிலிருந்து அருண்பிரசாத் என்ற அனுபவ வடிவமைப்பாளர் விமானத்தில் வந்தார். அனுபவம் வடிவமைக்கப்பட வேண்டிய ஒன்று என்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது. ஏதோ தானாக நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தோம்.

"சார், திருப்பித் தர்றதுங்கறது ஒரு செயல் இல்ல சார். அது ஒரு ஃபீல்" என்றார் அருண்பிரசாத்.

இயக்குநர் கண்களை மூடித் திறந்தார். "அதைத்தான் நான் பதினோரு வருஷமா செஞ்சுக்கிட்டு இருக்கேன்" என்றார்.

இந்த உன்னதமான வேளையில் ஒச்சம்மா வந்து சேர்ந்தார்.

ஒச்சம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஆளுக்கு இத்தனை பேர் என்று பிரித்துக்கொண்டதில், ஏழு வயதில் அப்பாவோடு கப்பலேற்றப்பட்டு, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிடப்பட்டவர். அங்கேயே பால்வெட்டி, அங்கேயே கல்யாணம் செய்து, சுனாமியில் கணவரை இழந்து, அங்கேயே இருப்பவர். மனு கொடுக்கக் கப்பலில் வந்து, இங்கே புரோத்ராபூரில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார்.

"எங்க சாமி கத்தி உங்ககிட்ட இருக்குங்க ஐயா. அத வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார்.

எந்தக் கத்தி என்று எங்களுக்கு முதலில் தெரியவில்லை. அவர் பைக்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்தார். சுனாமிக்கு மறு மாதம், இயக்குநரகமாக உயர்வதற்கு முன்பே, எங்கள் அலுவலகத்தின் ஆய்வுக்குழு கச்சாலுக்குப் போனபோது எழுதிக் கொடுத்தது. "பழைய கத்தி ஒன்று, பாதுகாப்பு கருதிப் பெற்றுக்கொள்ளப்பட்டது." தேடினோம். மூன்றாவது இரும்பு அலமாரியில், பழைய காலண்டர்களுக்குப் பின்னால், துருவேறிக் கிடந்தது. பதிவேட்டில் "பழங்குடிச் சடங்கு ஆயுதம், காலம்: மிகப் பழையது" என்று இருந்தது. கத்தியின் முதுகில் இங்கிலீஷ் எழுத்தில் ஒரு கம்பெனி முத்திரை. அதை எங்கள் ஆய்வாளர் "இதுவரை படித்தறியப்படாத எழுத்து" என்று குறித்திருந்தார்.

ஒச்சம்மா இயக்குநர் முன்னால் நின்று விளக்கினார்.

"கொழுந்துத் தோட்டத்துல இருந்து எங்கப்பா கொண்டாந்தது தொரை. தேயிலைய கவ்வாத்து பண்றதுக்கு, அதான் கிளைய வெட்டி விடறதுக்கு முன்னால, கத்திய கல்லுல சாத்தி, பொட்டு வெச்சி, சேவல அறுத்து, கவ்வாத்து சாமிக்குப் பூசை போடுவோம். அந்தக் கத்தியாலதான் மொத வெட்டு. அப்புறந்தான் மத்த ஆளு செடியத் தொடலாம். கச்சால்ல தேயிலை இல்ல, ரப்பருதான். அப்பா சொன்னாரு, சாமிக்கு மரம் எதுன்னு பேதமில்லன்னு. வருசா வருசம் இலை உதுந்து துளுத்ததும் அதாலதான் மொத பால்வெட்டு."

"சரிம்மா. இருபது வருஷமா கேக்கலியே, இப்ப எதுக்கு?"

"சுனாமிக்கப்புறம் தோட்டத்தையே பூட்டிப்புட்டாங்க. மரம் சும்மா நின்னுச்சி, சாமியும் உங்க ஆப்பீசுல சும்மா இருக்கட்டும்னு விட்டுட்டோம். இப்பத்தான் தோட்டத்துல ஒரு பகுதிய, ஒரு டிவிசன, எங்க சங்கத்துக்குத் தொறந்து விடறாங்க. முப்பத்தெட்டு குடும்பம் தொரை. சித்திர மொத வெள்ளிக்கெழம பூசை. சாமி கத்தி விழாம ஒருத்தனும் மரத்தத் தொட மாட்டான். வெள்ளிக்கெழம வேல தொடங்கலைன்னா டிவிசன வேற கான்ட்ராக்டருக்குக் குடுத்துருவோம்னு சொல்லியிருக்காங்க."

"வேற ஒரு கத்திய வெச்சு வெட்டுங்களேம்மா. பஜார்ல நல்ல கத்தியெல்லாம் கிடைக்குது."

"வேற மாப்பிள்ளைய வெச்சித் தாலி கட்டலாங்களா தொரை?"

இயக்குநர் கோப்பைத் திறந்து அதற்குள் எதையோ தேடினார். ஒச்சம்மா கிளம்பும்போது இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். "அதக் கையில எடுத்துடாதீங்க ஐயா. சாமி கத்திய எடுத்தவன் வெட்டாம கீழ வைக்கக் கூடாது. எடுத்தா மரத்துல ஒரு வெட்டு போட்டுத்தான் வைக்கணும். உங்க ஆளுங்க எடுத்துப் பொட்டியில போட்டுட்டாங்க. அதான் தோட்டமே இருவது வருசம் பூட்டிக் கெடந்துச்சின்னு எங்க லயத்து வீடுகள்ல பேச்சு."

மனு என்று வந்துவிட்டால் பதில் தர வேண்டும். எங்கள் அலுவலகத்தில் எந்தக் கடிதத்தையும் புதிதாக எழுதுகிற கெட்ட பழக்கம் கிடையாது. ஏற்கெனவே உள்ள நல்ல கடிதம் ஒன்றை முன்மாதிரியாக வைத்து, பெயரையும் தேதியையும் மாற்றுவதுதான் முறை. நான் கோப்புகளைப் புரட்டினேன். பொருளைத் திருப்பிக் கேட்டவருக்கு மரியாதையாக மறுப்புச் சொல்லும் கடிதம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. சொல்லாட்சி மிகச் சிறப்பு. அதையே எடுத்து மொழிபெயர்த்தேன்.

உங்கள் லயத்தில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லை. பொருள் இன்னாருடையதுதான் என்பதற்கு ஐயமற்ற ஆவணம் இல்லை. சீட்டில் "பழைய கத்தி" என்றுதான் இருக்கிறதே ஒழிய எந்தப் பழைய கத்தி என்று இல்லை. எங்களிடம் இருந்தால் உலகம் பார்க்கும், உங்களிடம் இருந்தால் கச்சால் மட்டும்தான் பார்க்கும். நான்காவது காரணம் பொருந்துமா என்று மட்டும் சற்று யோசித்தேன். அதுதான் எல்லாவற்றையும்விட அச்சாகப் பொருந்தியது. ஒச்சம்மா கத்தியை வெட்டுவதற்குப் பயன்படுத்தப்போவதாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இயக்குநர் படித்துவிட்டுப் பச்சை மையில் "மிக நன்று" என்று எழுதிக் கையெழுத்திட்டார். "என்ன நயம், என்ன நாகரிகம்! மனசு நோகாம சொல்லியிருக்கீங்க சேகர்" என்றார். எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை.

கத்தியின் கதை காதில் விழுந்ததும் அருண்பிரசாத் துள்ளிக் குதித்தார். "சார்! இதுதான் சார் நம்ம ஹீரோ! புலம்பெயர்ந்த மனுஷி, புலம்பெயர்ந்த கத்தி, பூட்டின அலமாரி! இதைச் சுத்தித்தான் முழு நேரேட்டிவும்!"

ஆக, ஒச்சம்மா வந்து கேட்கும்வரை அந்தக் கத்திக்கு மதிப்பில்லை. காலண்டருக்குப் பின்னால் கிடந்தது. அவர் கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அரிய பொருள் என்று எங்களுக்குத் தெரிந்தது. அரிய பொருள் என்று தெரிந்த பிறகு அதை எப்படிக் கொடுப்பது? இந்த நியாயம் ஒச்சம்மாவுக்குக் கடைசிவரை புரியவில்லை.

அருண்பிரசாத் ஒச்சம்மாவை அழைத்து ஒலிப்பதிவுக் கருவியின் முன் உட்கார வைத்தார். "அம்மா, மனசுல இருக்கறத அப்படியே பேசுங்க." இவர்தான் மனுவைத் தீர்க்கிற பெரிய அதிகாரி போலிருக்கிறது என்று நினைத்து ஒச்சம்மா முக்கால் மணி நேரம் பேசினார். அப்பா கப்பலில் கத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தது, சுனாமியன்று தண்ணீர் அவர்கள் ஏறி நின்ற மேட்டுக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது, அதற்குக் கீழே இருந்த கணவர் வராமல் போனது. கடைசியில், "எங்க சாமிய எப்பங்க ஐயா திருப்பித் தருவீங்க?" என்று கேட்டார்.

அருண்பிரசாத் கருவியை நிறுத்தினார். "அம்மா, அந்தக் கடைசி லைன் இருக்கே, அருமை. இன்னொரு தடவ, கொஞ்சம் மெதுவா சொல்றீங்களா?"

ஒச்சம்மா இன்னொரு தடவை சொன்னார். மெதுவாகச் சொன்னால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருக்கலாம்.

"மீட்சி" கண்காட்சியைப் பற்றி எத்தனை புகழ்ந்தாலும் தகும். ஒரு பழைய மரக்கிடங்கு முழுவதையும் கறுப்புத் துணியால் மூடி, அறை அறையாகத் தடுத்திருந்தார்கள். நுழைந்ததும் கும்மிருட்டு, கடல் இரைச்சல், மண்ணெண்ணெயும் உப்பும் கலந்த கப்பல் வாசனையை ஒரு கருவி புஸ் புஸ்ஸென்று விடும். அடுத்த அறையில் எட்டுத் திசையிலிருந்தும் ஒச்சம்மாவின் குரல்: "எங்க சாமிய எப்பங்க ஐயா திருப்பித் தருவீங்க?" ஒத்திகையில் கேட்டவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். அதற்கப்புறம் "பொருளாக மாறுதல்" அறை. பார்வையாளரின் கழுத்தில் எண் போட்ட அட்டையைக் கட்டி, ஒரு மரப்பெட்டிக்குள் உட்கார வைத்து, நான்கு நிமிடம் மூடிவிடுவார்கள். அலமாரியில் கிடக்கும் பொருளின் வேதனையை அவரும் அடைய வேண்டும்.

முதலில் இயக்குநரே உட்கார்ந்து பார்த்தார். வெளியே வரும்போது கண் கலங்கியிருந்தது.

"யாராவது வந்து நம்மள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட மாட்டாங்களான்னு ஆயிடுச்சு சேகர். நான் ஒரு மனுஷன், எனக்கே இப்படின்னா, அந்தக் கத்தி இருபது வருஷம் என்ன பாடு பட்டிருக்கும்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒச்சம்மாவின் இரண்டாவது மனுவை நிராகரிக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். நான் பேனாவைப் பிடித்துக் கொடுத்தேன்.

கடைசி அறையில் கத்தி. துரு நீக்கி, எண்ணெய் தடவி, கண்ணாடிக்குள் நீல வெளிச்சத்தில் நின்றது. எதிர்ச்சுவர் முழுக்கப் பெரிய எழுத்தில் ஒச்சம்மாவின் வாசகம்: "எடுத்தவன் வெட்டாமல் கீழே வைக்கக் கூடாது."

"என்ன ஒரு உருவகம் சார்!" என்றார் அருண்பிரசாத்.

"எதுக்கு உருவகம்?"

"அத விசிட்டர்தான் முடிவு பண்ணணும் சார்."

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, அந்த வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து மீண்டும் கடிதம் வந்தது. கண்காட்சியைப் பற்றிக் கேள்விப்பட்டு வியந்ததாகவும், தங்கள் உயர் அலுவலரான ஓர் அம்மையாரை அனுப்புவதாகவும், ஒரு பொருள் உரியவரிடம் திரும்பச் சேர்வதை அவர் நேரில் கண்டால் மரச்சிற்பங்கள் பற்றி மறுபரிசீலனை செய்யக்கூடும் என்றும் எழுதியிருந்தார்கள்.

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்தார். "கொடுத்தாகணும் போலிருக்கே" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கமில்லாததால் குரல் கொஞ்சம் கம்மியது.

"சிம்பாலிக்கா குடுத்துடலாம் சார்" என்று வழிகாட்டியவர் அருண்பிரசாத்.

நிமிடவாரி நிகழ்ச்சி நிரலை நானே தயாரித்தேன். 11.05: கத்தியை ஒச்சம்மாவிடம் திருப்பித் தருதல். 11.07: திருப்பித் தந்ததை ஒச்சம்மா திருப்பித் தருதல். 11.10: தேநீர். இதை ஒச்சம்மாவுக்கு விளங்கவைக்கும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. புரோத்ராபூருக்குப் போனேன். அவர் தங்கை வீட்டு வாசலில் வெற்றிலைக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"புதன்கிழம பதினோரு மணிக்குக் கத்திய உங்க கையில குடுப்பாங்கம்மா" என்றேன்.

குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். என்னை ஆயுளில் யாரும் அப்படிக் கும்பிட்டதில்லை. மிச்சத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கடமை.

"ரெண்டு நிமிஷம் வெச்சிருந்துட்டுத் திருப்பிக் குடுத்துடணும்மா."

"எதுக்கு?"

"அது வந்து... அடையாளபூர்வமா."

"ரெண்டு நிமிசத்துல எந்த மரத்த ஐயா வெட்டறது? வெட்டாம எப்படிக் குடுக்கறது?"

அலுவலகம் திரும்பி, "நிகழ்ச்சி நிரல் பயனாளிக்கு விளக்கப்பட்டது. நடைமுறை குறித்துச் சில ஐயங்கள் எழுப்பினாலும், சம்மதம் தெரிவித்தார்" என்று கோப்பில் எழுதினேன்.

புதன்கிழமை வந்தது. அரங்கு நிறைந்த கூட்டம். வெளிநாட்டு அம்மையார் ஒலி அறையில் அழுதார். பெட்டிக்குள் நான்கு நிமிடம் போதாது என்று ஆறு நிமிடம் உட்கார்ந்தார். 11.05க்கு இயக்குநர் பட்டுத்துணி விரித்த தட்டில் கத்தியை வைத்து நீட்டினார். ஒச்சம்மா மஞ்சள் புடவை கட்டி, தலை குளித்து வந்திருந்தார். கத்தியை எடுத்தார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் முதுகை விரலால் தடவி, "அப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னார். இது நிகழ்ச்சி நிரலில் இல்லை.

11.07 ஆயிற்று. இயக்குநர் புன்னகையோடு இரண்டு கையையும் நீட்டினார். ஒச்சம்மா அந்தக் கைகளைப் பார்த்தார். பிறகு மேடையை விட்டு இறங்கி, நடுப்பாதை வழியாக, கத்தியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வெளிநாட்டு அம்மையார் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து அரங்கமே எழுந்து தட்டியது.

"சார், இது ஸ்கிரிப்ட்லயே இல்ல!" என்று அருண்பிரசாத் கிசுகிசுத்தார். "ஆனா விட்டுடுங்க சார், ஃபீல் பயங்கரமா வொர்க் ஆகுது!"

இயக்குநரின் புன்னகை அப்படியே இருந்தது. பல் இடுக்கு வழியாகப் பேச்சு மட்டும் வந்தது. "சேகர், பக்டோ! ஓடிப் போய்ப் பிடிங்க. ஆனா கைதட்டிக்கிட்டே ஓடுங்க."

கைதட்டிக்கொண்டே ஓடினேன். வாசலில் காவலாளி ஒச்சம்மாவை மறித்து, "கேட் பாஸ் கஹாங் ஹை?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். "சாமிக்கு ஏதுப்பா பாஸு?" என்றார் ஒச்சம்மா. அதற்குள் நான் கைதட்டிக்கொண்டு வருவதைக் கண்ட காவலாளி, இதுவும் விழாவில் ஒரு கட்டம் என்று நினைத்துத் தானும் கைதட்டிக் கதவைத் திறந்துவிட்டான். வெளியே தங்கை ஆட்டோவோடு நின்றிருந்தார். கச்சால் போகிற கப்பல் ஒரு மணிக்கு. அதை விட்டால் அடுத்த கப்பல் ஞாயிற்றுக்கிழமைதான்; பூசையோ நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை.

இன்னோர் ஆட்டோ பிடித்து நான் கப்பலேறும் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பயணிகளைச் சோதிக்கும் இடத்தில் ஒச்சம்மாவை நிறுத்தி வைத்திருந்தார்கள். தலைமைக் காவலர் தேவேந்திரன் மேசைக்குப் பின்னால் இருந்தார். மதுரைப் பக்கத்துக் குடும்பம், எனக்குப் பழக்கமானவர்.

"கத்தியெல்லாம் கப்பல்ல மனா ஹைம்மா. இப்படி மேசை மேல வைங்க."

"வைக்க முடியாதுங்க ஐயா. எடுத்தாச்சி. இனிமே மரத்துல வெட்டிட்டுத்தான் வைக்கணும்."

ஏன், எதற்கு என்று தேவேந்திரன் கேட்டார். ஒச்சம்மா சொன்னார். கவ்வாத்து சாமி, வெள்ளிக்கிழமைப் பூசை, முப்பத்தெட்டுக் குடும்பம், எல்லாம் இரண்டே நிமிடத்தில். எங்கள் கண்காட்சிக்குள் முழுகாமலே தேவேந்திரனுக்கு விளங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"எங்க ஊட்லயும் கருப்பசாமி அருவா இருக்கும்மா. அத எறக்கி வைன்னு சொல்ல எனக்கு நாக்கு வராது. சரி, கேப்டன்கிட்ட நான் பேசறேன். கேப்டன் கேபின் வாசல்ல உக்காந்து, கையில வெச்சிக்கிட்டே வாங்க. கச்சால்ல எறங்கிடலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒரு காகிதம் மட்டும் வேணும் சார். இந்தக் கத்தி இந்தம்மாவோடதுன்னு உங்க டிபார்ட்மெண்ட்ல இருந்து ஒத்த வரி. சீல் வெச்சுக் குடுங்க, இப்பவே ஏத்தி விட்டுடறேன்."

முத்திரை என் பையில்தான் இருந்தது. இருபத்தாறு ஆண்டுப் பணியில் எத்தனையோ ஆயிரம் வரி எழுதியிருக்கிறேன். அத்தனையும் யாராவது சொல்லி எழுதியவை. ஒச்சம்மா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கொஞ்சம் தள்ளிப் போய் இயக்குநருக்குத் தொலைபேசினேன்.

"மேடம் பயங்கர குஷி சேகர்! 'ஒரு பொருள் எப்படித் திரும்ப வேண்டும் என்பதை இன்று கண்டேன்'னு விசிட்டர் புக்ல எழுதிட்டாங்க. குடுத்துட்டோம்னே நெனைக்கிறாங்க. அப்படியே நெனைக்கட்டும். ஆனா கத்தி சாயங்காலத்துக்குள்ள ஷோகேஸ்ல இருக்கணும்."

"ஜெட்டி போலீசுக்கு என்ன சார் எழுதிக் குடுக்கறது? அந்தம்மாவோடதுன்னு ஒரு வரி கேக்கறாரு. எழுதிடட்டுமா சார்?"

கொஞ்ச நேரம் ஒச்சம்மாவின் குரல்தான் தொலைபேசியில் கேட்டது. எப்பங்க ஐயா திருப்பித் தருவீங்க, எப்பங்க ஐயா திருப்பித் தருவீங்க. அவர் ஒலி அறைக்குப் பக்கத்தில் நின்றிருப்பார் போல.

"அப்படி எழுதினா, இத்தனை நாள் நாம வெச்சிருந்தது என்னன்னு ஆயிடும் சேகர்? திருட்டுன்னு எழுதுங்க. ஆனா மரியாதையா எழுதுங்க, வயசானவங்க."

திரும்பி வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடும் வேலை பார்க்க முடியும் என்பது அன்று எனக்குத் தெரிந்தது. தேவேந்திரனிடம், காகிதம் வேண்டாம், புகார்ப் படிவம் கொடுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து படிவத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.

நான் எழுத ஆரம்பித்ததும் ஒச்சம்மாவின் முகம் மலர்ந்தது. அவருக்குப் படிவத்தின் இங்கிலீஷ் தெரியாது. "ஜல்தி எழுதுங்க ஐயா, கப்பல் ஊதிட்டான்" என்றார். "உங்க புள்ளகுட்டி நல்லா இருக்கும்."

பொருளின் பெயர் எழுதினேன். காணாமற்போன நாள் எழுதினேன். பொருள் தற்போது இருக்குமிடம் என்ற கட்டத்தில் "தெரியவில்லை" என்று எழுதினேன். அது என் எதிரே, கைக்கெட்டும் தூரத்தில், ஒச்சம்மாவின் கையில் இருந்தது. கப்பல் இரண்டாம் முறை ஊதியது.

கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம். பொருளைத் திருடியவர் பெயர். மிகச் சிறிய கட்டம்; ஒரே ஒரு பெயர் எழுதத்தான் அதில் இடமிருந்தது. எங்கள் இயக்குநரகத்திலோ நாங்கள் பதினேழு பேர். ஆகவே, ஒச்சம்மா என்று எழுதினேன்.